பேணுவாரும் பேணப்படுவாரும்: ஆபுத்திரன் வரலாற்றில் அநாதைநிலை

முன்னுரை

பெற்றோரை இழந்த குழந்தையைச் சுட்ட இன்றைய தமிழில் 'அநாதை' என்னும் சொல்லே பெருவழக்காக உள்ளது. இறப்பால் நேரும் இழப்பையே இச்சொல் முதன்மையாக உணர்த்துவதாக நாம் கருதுகிறோம். ஆயினும் இச்சொல்லின் வேரும், இந்நிலையைச் சமயங்களும் சமூகங்களும் விளங்கிக்கொண்ட முறையும் வேறொரு பொருளைக் காட்டுகின்றன. அப்பொருளைத் தமிழில் மிக விரிவாகச் சிந்தித்துள்ள பனுவல் மணிமேகலை ஆகும். அதில் இடம்பெறும் ஆபுத்திரன் வரலாற்றை வேள்வி மறுப்பு, பிறப்பால் வரும் உயர்வு தாழ்வு மறுப்பு ஆகிய நோக்குகளில் படிப்பது வழக்கமாக உள்ளது. அந்நோக்குகள் தேவையானவை. எனினும், கைவிடப்பட்ட குழந்தை ஒன்றின் வாழ்க்கையாக அதனைத் தொடக்கம் முதல் இறுதிவரை படிக்கும்போது காப்பியத்தின் மையக் கேள்வி ஒன்று துலங்குகிறது. அநாதை என்பவர் யார் என்பதே அக்கேள்வி. அதற்குக் காப்பியம் தரும் விடையை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லும் பொருளும்

'நாதன்' என்னும் வடசொல்லுக்குத் தலைவன், காப்பவன் என்பன பொருள். காப்பவர் இல்லாத நிலையே 'அநாத' என்பதாகும். பெற்றோர் என்ற பொருள் இச்சொல்லில் நேரடியாக இல்லை. இந்தி, கன்னடம், மலையாளம் உள்ளிட்ட இந்திய மொழிகள் பலவற்றிலும் இச்சொல்லே சிற்சில ஒலி வேறுபாடுகளுடன் வழங்குகிறது. முதியோரும் நோயுற்றோரும் இச்சொல்லால் சுட்டப்படுவதற்கு இதன் வேர்ப்பொருளே காரணம் எனலாம்.

அரபு மொழியில் 'யதீம்' என்பது பருவம் எய்தும் முன் தந்தையை இழந்த குழந்தையைக் குறிக்கும். தாய் உயிரோடு இருப்பினும் அக்குழந்தை யதீமே ஆகும். ஆங்கிலத்தில் வழங்கும் 'ஆர்ஃபன்' என்னும் சொல் இழப்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. தமிழ் விவிலியம் 'திக்கற்ற பிள்ளை' என்னும் தொடரை ஆண்டுள்ளது. திக்கு என்பது திசையையும் புகலிடத்தையும் ஒருங்கே குறிப்பதால், செல்லும் வழியும் சேரும் இடமும் இல்லாத நிலையை இத்தொடர் உணர்த்துகிறது.

ஆக, ஒரு மொழி காப்பாரின் இன்மையையும், மற்றொன்று தந்தையின் மரணத்தையும், வேறொன்று இழப்பையும், பிறிதொன்று புகலின்மையையும் முன்னிறுத்துகின்றன. எதனை இன்மையாகக் கருதுகிறார்களோ அதனை ஈடுசெய்யும் வழியையே ஒவ்வொரு சமூகத்தாரும் அறமாக வகுத்துக்கொண்டனர்.

சமயங்கள் வகுத்த அறம்

நபிகள் நாயகம் பிறக்கும் முன்னரே தந்தையை இழந்தவர். 6 வயதளவில் தாயையும் இழந்தவர். குர்ஆன் அநாதைகளின் சொத்தைக் காப்பாளர் உண்பதைக் கடிந்து விலக்குவதோடு, அவர்கள் உரிய பருவம் எய்தியதும் அதனை அவர்களிடமே ஒப்படைக்குமாறு பணிக்கிறது. வளர்ப்புப் பிள்ளையை அவனைப் பெற்ற தந்தையின் பெயராலேயே அழைக்க வேண்டும் என்பதும் அந்நூலின் நெறி. பேணும் கடமை உண்டு. அதன் பொருட்டுக் குழந்தையின் வழியை அழித்தல் கூடாது என்பது இதன் உட்பொருள்.

விவிலியத்தின் பழைய ஏற்பாடு, அயலார், திக்கற்ற பிள்ளை, கைம்பெண் ஆகிய மூவரையும் ஒருங்கே எண்ணுகிறது. வயலில் மறந்துவிட்ட கதிர்க்கட்டையும், உலுக்கியபின் மரத்தில் எஞ்சிய கனிகளையும் அவர்களுக்காக விட்டுவிட வேண்டும் என்பது உபாகமம் கூறும் சட்டம். இங்குக் கொடை விளைநிலத்தின் ஒழுங்காகவே அமைந்துவிடுகிறது.

பௌத்த மரபில் சாவத்தி நகரத்து வணிகரான சுதத்தர், ஆதரவற்றோருக்கு உணவளித்தமையால் 'அநாதபிண்டிகர்' என்னும் பெயரால் அறியப்பட்டார். புத்தருக்கு ஜேதவனத்தை வழங்கியவர் இவரே. ஒருவருக்குக் காப்பு அவரே என்னும் கருத்தைத் தம்மபதம் வலியுறுத்துகிறது. அதே மரபு, காப்பற்றோருக்குச் சோறிட்டவரை அச்செயலாலேயே பெயரிட்டுப் போற்றவும் செய்கிறது. மணிமேகலை இவ்விரு கருத்துகளையும் ஏற்ற மரபில் தோன்றிய காப்பியம் என்பது நினைவிற்கொள்ளத் தக்கது.

சைவ மரபில் திருநாவுக்கரசர் இளமையிலேயே தாய் தந்தையரை இழந்தவர். மணம் பேசப்பட்டிருந்த கலிப்பகையாரும் போரில் இறந்துபட, உயிர்விடத் துணிந்த தமக்கை திலகவதியார் தம்பியின் பொருட்டே உயிர்தாங்கினார் என்பது பெரியபுராணம் கூறும் செய்தி. அத்தம்பி வளர்ந்து அறச்சாலைகளும் தண்ணீர்ப் பந்தல்களும் அமைத்தார் எனச் சேக்கிழார் கூறுவது நம் ஆய்வுக்கு இன்றியமையாதது. பெற்றோரை இழந்தவர் பிறரைப் பேணுபவராக மாறும் இவ்வடிவம் மணிமேகலையிலும் காணப்படுகிறது.

வழி கேட்கும் மரபு

ஆபுத்திரன் வரலாற்றின் தனித்தன்மையை உணர, இந்திய இலக்கிய மரபில் உள்ள வேறு சில கைவிடப்பட்டோரை அவனோடு ஒப்பிடுதல் தகும்.

பாரி மகளிர் தந்தையையும் குன்றையும் இழந்த துயரைப் புறநானூற்றின் 112 ஆம் பாடல் பதிவு செய்கிறது. கபிலர் அவர்களை விச்சிக்கோன், இருங்கோவேள் ஆகியோரிடம் அழைத்துச் சென்று மணந்துகொள்ளுமாறு வேண்டுகிறார். அங்கு அவர் முன்வைக்கும் முதற்சான்று அவர்கள் பாரியின் மக்கள் என்பதே. அனைத்தையும் இழந்த நிலையிலும் குலப்பெயர் அவர்களிடம் எஞ்சுகிறது. அப்பெயரும் அவர்களுக்குப் புகல் தேடித்தரவில்லை என்பதே அப்பாடல்களின் அவலம்.

சாந்தோக்கிய உபநிடதத்தில் சத்தியகாமன் தன் தந்தை யாரென அறியாதவன். அதனை மறையாது கூறிய வாய்மைக்காக ஆசிரியர் கௌதமர் அவனை ஏற்கிறார். ஆயினும் வாய்மை பேசுபவன் அந்தணனாகவே இருத்தல் வேண்டும் என்ற முடிவின்வழியே அவ்வேற்பு நிகழ்கிறது. பாரதத்தில் ஆற்றில் விடப்பட்ட கர்ணனை அதிரதனும் இராதையும் வளர்க்கின்றனர். அரங்கில் அவன் குலம் வினவப்பட்டபோது துரியோதனன் அங்கநாட்டு அரசுரிமையை ஈந்து அவ்விழிவைத் துடைக்க முயல்கிறான்.

இவை அனைத்திலும் கைவிடப்பட்டவரை மீட்கும் வழி அவருக்கு ஒரு குலத்தையோ தகுதியையோ பெற்றுத்தருவதாகவே உள்ளது. யாருடைய பிள்ளை என்ற வினா அப்படியே நிற்கிறது. அதற்குத் தக்க விடை தேடித்தரப்படுகிறது. மணிமேகலை இவ்வினாவையே மாற்றியமைக்கிறது.

முதல் இரு கைவிடல்கள்

ஆபுத்திரன் நான்கு முறை கைவிடப்படுகிறான். 13 ஆம் காதையான ஆபுத்திரன் திறம் அறிவித்த காதையில் முதலிரண்டும், 14 ஆம் காதையான பாத்திர மரபு கூறிய காதையில் பின்னிரண்டும் இடம்பெறுகின்றன.

வாரணாசியில் வேதம் ஓதுவிக்கும் அபஞ்சிகன் என்பானின் மனைவி சாலி. கற்பு நெறி பிறழ்ந்த அச்சத்தால் குமரியாடத் தெற்கு நோக்கி வந்தவள், வழியில் ஒரு குழந்தையை ஈன்று, அதனை யாரும் காணாத தோட்டம் ஒன்றில் விட்டுச் செல்கிறாள். பசு ஒன்று அதனை நாவால் நக்கி, 7 நாள் பால் சுரந்து காக்கிறது. வயனங்கோட்டைச் சேர்ந்த இளம்பூதி என்னும் அந்தணன் குழவியின் அழுகுரல் கேட்டு எடுத்து, ஆவின் மகனன்று, தன் மகனே என மகிழ்ந்து வளர்க்கிறான். மறை நூல்களையும் கற்பிக்கிறான்.

இரண்டாம் கைவிடல் இம்மகிழ்ச்சியின் மறுதலையாக நிகழ்கிறது. வேள்விக்கெனக் கட்டப்பட்ட பசுவை இரவில் மீட்டுச் செல்லும் ஆபுத்திரன் பிடிபட்டுப் புடைக்கப்படுகிறான். அவனோடு வாதிடும் அந்தணர் 'ஆமகன்' என அவன் பிறப்பை இகழ்கின்றனர். விலங்குகளின் வயிற்றில் தோன்றிய முனிவர்களை அவன் எடுத்துக்காட்டுகிறான். கூட்டத்திலிருந்த ஒருவன் சாலியின் கதையைச் சொல்ல, வசிட்டரும் அகத்தியரும் தெய்வக் கணிகையின் மக்கள் அல்லரோ என நகைக்கிறான். அதன்பின் இளம்பூதியே அவனை வீட்டைவிட்டு விலக்குகிறான். அந்தணர் வாழும் ஊர்கள்தோறும் அவனது பிச்சைக் கலத்தில் கல்லிடுகின்றனர்.

தன் மகன் என்று எடுத்தவனே பின்னர் விலக்குகிறான் என்பது கருதத்தக்கது. சாலியின் செயலுக்கு அச்சம் காரணம். இளம்பூதியின் செயலுக்குச் சமூகத்தின் ஏற்பு காரணம். வளர்ப்புத் தந்தையின் அன்பு பொய்யன்று. ஆயினும் அவ்வன்பு குலத்தின் ஒப்புதலைச் சார்ந்து நின்றதால் அவ்வொப்புதல் நீங்கியவுடன் அதுவும் நீங்கிற்று. குலம் தேடித்தந்து மீட்கும் வழியின் வலுவின்மையை இதனினும் தெளிவாகக் காட்ட இயலாது.

பேணுவார் இல்லாதவரைப் பேணுதல்

தென்மதுரையை அடையும் ஆபுத்திரன் சிந்தாதேவியின் கோயில் முன்றிலில் தங்குகிறான். வீடுகள்தோறும் இரந்து பெற்ற உணவை, பார்வையற்றோர், செவிப்புலன் அற்றோர், கால் முடங்கியோர், பிணியுற்றோர், பேணுவார் இல்லாதோர் ஆகியோரை அழைத்து உண்பித்து, எஞ்சியதை உண்டு, அக்கலத்தையே தலையணையாக வைத்து உறங்குகிறான்.

இப்பட்டியலில் 'பேணுவார் இல்லாதோர்' என்னும் வகை இடம்பெறுவது கூர்ந்து நோக்கத்தக்கது. அநாதை என்னும் சொல்லின் வேர்ப்பொருள் இங்குத் தமிழாகவே வந்துள்ளது. தாய் தந்தையர் உளரா, குலம் யாது என்பன அங்கு வினவப்படவில்லை. பசியும் அதனை ஆற்றுவார் இன்மையும் மட்டுமே அளவுகோல்கள். அவ்வளவுகோலின்படி அழைப்பவனும் அழைக்கப்படுவோரும் ஒரே நிலையினர். உயர்ந்தவர் தாழ்ந்தவருக்கு இரங்கி ஈவதாக இக்காட்சி அமையவில்லை. கல்லிடப்பட்ட கலத்தை உடையவனே அதில் சோறு நிரப்பிப் பகிர்கிறான்.

ஒருநாள் நள்ளிரவில் மழையில் பசித்து வந்தோருக்கு ஈய ஒன்றுமின்றி அவன் வருந்தியபோது சிந்தாதேவி அமுதசுரபியை வழங்குகிறாள். இல்லாமையை ஒழிக்கும் கலம் கிடைத்தது. கதை இங்கு நிறைவுற்றிருந்தால், கைவிடப்பட்டவன் கொடையாளனான அறக்கதையாக மட்டுமே அது அமைந்திருக்கும்.

மூன்றாம் கைவிடல்: வளம்

இந்திரன் முதிய அந்தணன் வடிவில் வந்து வரம் தர முன்வருகிறான். ஆபுத்திரன் அவனை எள்ளி நகைக்கிறான். சினந்த இந்திரன், 12 ஆண்டுகள் மழை வறண்டிருந்த பாண்டி நாட்டில் பெருமழை பெய்விக்கிறான். நாடு வளம் பெறுகிறது, பசித்தோர் இல்லையாகின்றனர். முன்பு பசித்தோர் நிறைந்திருந்த அம்பலத்தில் வீணரும் சூதாடுவோரும் கூடுகின்றனர். ஊர்தோறும் சென்று உண்பார் உளரோ என வினவும் ஆபுத்திரனை மக்கள் இவன் யாரென இகழ்கின்றனர்.

காப்பியத்தின் மிக நுட்பமான பகுதி இதுவாகும். பசிப்பிணி நீங்குதல் நன்மையே. ஆயினும் அந்நன்மை ஆபுத்திரனைப் பழிவாங்கும் கருவியாகிறது. கல்லிட்டபோதும் அவனுக்கு ஓர் உறவு எஞ்சியிருந்தது. பசித்தோர் அவனுக்குச் சுற்றமாயினர். இப்போது அவனை வெறுப்பாரும் இல்லை, வேண்டுவாரும் இல்லை. பேணுவார் இல்லாமை ஒருவகை அநாதைநிலை என்றால், பேணப்படுவார் இல்லாமை அதனினும் கொடிய மற்றொரு வகை எனக் காப்பியம் உணர்த்துகிறது. அமுதசுரபியின் இயல்பும் இதற்குச் சான்றாகும். பின்னர் அதனைப் பெறும் மணிமேகலை, ஆதிரையின் கையால் முதற்பிச்சை ஏற்ற பின்னரே வழங்கத் தொடங்குகிறாள். எடுக்க எடுக்கக் குறையாத கலமும் பிறர் ஒருவரின் கையிலிருந்து பெற்றே தொடங்குகிறது.

நான்காம் கைவிடல்: மணிபல்லவம்

சாவக நாட்டில் பஞ்சம் என்று கேட்டு ஆபுத்திரன் கலமேறுகிறான். காற்றின் மிகுதியால் கப்பல் மணிபல்லவத்தில் ஒருநாள் தங்க, அவன் இறங்குகிறான். அவன் ஏறிவிட்டதாகக் கருதிக் கப்பல் புறப்பட்டுவிடுகிறது. இக்கைவிடலில் அச்சமோ வெறுப்போ பகையோ இல்லை. கவனப் பிழை மட்டுமே உள்ளது. ஆளற்ற தீவில் அமுதசுரபியோடு தனித்து நிற்கும் அவன், பல உயிர்களைக் காக்கும் கலம் தன்னுயிர் ஒன்றை மட்டும் காத்தலைப் பொறுக்க இயலாது, உயிர்களை ஓம்புவோர் கையில் அது சேருக எனக் கோமுகிப் பொய்கையில் விட்டு, உண்ணாது உயிர்துறக்கிறான்.

அவன் செயல் உயர்ந்ததாகவே தோன்றும். ஆனால் காப்பியம் அதனை அவ்வாறே விட்டுவிடவில்லை. 25 ஆம் காதையில், மறுபிறப்பில் சாவக மன்னன் புண்ணியராசனாகி மணிபல்லவம் வந்த அவனிடம், தீவதிலகை அவனது பழைய உடலின் என்புகளைக் காட்டுகிறாள். அருகில் வேறு என்புகளும் கிடக்கின்றன. அவனைத் தேடித் திரும்பிவந்து, அவன் இறந்தமை அறிந்து உயிர்விட்ட 9 செட்டிகளின் என்புகள் அவை. தன்னுயிரையும், தனக்காக இரங்கி வந்தோர் உயிரையும் கொன்றவன் நீ என்று தீவதிலகை அவனைக் குற்றம் சாட்டுகிறாள்.

தான் யாருமற்றவன் என அவன் முடிவு செய்தது பிழை என்பதே இக்குற்றச்சாட்டின் பொருள். அவனைத் தேடி வருவோர் இருந்தனர். அவர்கள் காலம் தாழ்ந்தே வந்தனர். பிறந்த நாள் முதல் கைவிடப்பட்டு வந்தவன் இம்முறையும் கைவிடப்பட்டதாக நம்பியது இயல்பே. அவ்வியல்பைப் புரிந்துகொண்ட நிலையிலும், உறவின் பொறுப்பிலிருந்து அவனைக் காப்பியம் விடுவிக்க மறுக்கிறது. அநாதை இரக்கத்திற்குரிய பொருள் மட்டுமல்லன், பிறருக்குப் பொறுப்புடைய மனிதனும் ஆவான் என்னும் இக்கருத்து, அவனுக்கு அளிக்கப்படும் உண்மையான மதிப்பாகும்.

காப்பியத்தின் மௌனம்

இவ்வளவு நுட்பமாக ஆபுத்திரனைப் படைத்த காப்பியம் சாலியைப் பொறுத்தவரை சுருங்கியே பேசுகிறது. அவள் கதை அவள் வாயிலாக நமக்கு நேரே வருவதில்லை. மகனை இழிவுபடுத்தும் கூட்டத்தில் ஓர் ஆடவன் அதனை எடுத்துரைக்கிறான். கைவிட்ட தாயின் குரல் அவளைப் பழிக்கும் நாவின் வழியாகவே கேட்கிறது.

ஆயினும் அவள் செயலை விளங்கிக்கொள்ள உதவும் ஒரு குறிப்பு 25 ஆம் காதையில் உள்ளது. புண்ணியராசன் துறவு பூண விழைந்தபோது, அவன் பிறக்குமுன் 12 ஆண்டுகள் நாடு மழையின்றிக் கிடந்ததை அமைச்சன் சனமித்திரன் நினைவூட்டுகிறான். ஈன்ற குழவிக்கும் இரங்காது தாய் தனித்து உண்ட கொடுமையை அவன் கூறுகிறான். குழவிக்கு இரங்காமை என்னும் இதே கருத்தே சாலியின் கதையிலும் வருகிறது. தாயின் இரக்கம் வற்றுவதற்கு ஓரிடத்தில் பழியச்சமும் மற்றோரிடத்தில் பஞ்சமும் காரணமாகின்றன. இரண்டையும் இணைத்துப் படித்தால், குழந்தையை அநாதையாக்குவது தாயின் குணக்கேடு மட்டுமன்று, அவளைச் சூழ்ந்த சமூகமும் பொருளியலும் ஆகும் என்ற முடிவுக்கு வரலாம். இம்முடிவைக் காப்பியம் வெளிப்படையாகச் சொல்லவில்லை. அதற்கான சான்றுகளை நம்மிடம் விட்டுச்செல்கிறது.

சட்டமும் சமூகமும்

இன்றைய இந்தியச் சட்டங்கள் இப்பழைய வினாக்களையே வேறு சொற்களில் எதிர்கொள்கின்றன. 1956 ஆம் ஆண்டின் இந்து மகவேற்பு மற்றும் வாழ்க்கைப்பொருள் சட்டம், மகவாக ஏற்கப்பட்ட குழந்தையை ஏற்றோரின் குடும்பத்திற்கே உரியதாக்குகிறது. இது குலம் தந்து மீட்கும் வழி. 2015 ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமோ, பெற்றோரும் சட்டப்படியான காப்பாளரும் இல்லாத குழந்தையோடு, காப்பாளர் இருந்தும் பேண விரும்பாத அல்லது பேண இயலாத குழந்தையையும் அநாதை என வரையறுக்கிறது. பேணுவார் இன்மை என்னும் மணிமேகலையின் அளவுகோலுக்கு இவ்வரையறை அண்மையில் நிற்கிறது. இளைஞர் நீதிச் சட்டத்தின்கீழ் எச்சமயத்தவரும் மகவேற்கலாம் என 2014 இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியதும் இவ்வகையில் குறிப்பிடத்தக்கது.

தமிழகத்தில் பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992 இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கப்பட்டது. குழந்தையை யாரும் காணாத தோட்டத்தில் விடும் நிலைக்கு மாற்றாக, காப்போர் காணும் இடத்தில் விட அது வழிசெய்தது. உயிர் காக்கும் ஏற்பாடு என்ற நிலையில் அதன் பயன் மறுக்க இயலாதது. ஆயினும் தொட்டிலில் குழந்தையை விடும் தாயின் அச்சத்தையும் வறுமையையும் அத்தொட்டில் மட்டுமே நீக்கிவிடாது. சாலியைப் பற்றிய காப்பியத்தின் மௌனம் இங்கும் தொடர்கிறது.

நம் இல்லங்களும் விடுதிகளும் குழந்தைகளுக்கு உணவும் உறையுளும் அளிக்கின்றன. பிறந்தநாளன்று சோறிடச் செல்வோர் பலர். அக்குழந்தைகளிடமிருந்து ஒன்றைப் பெற்றுக்கொள்ளச் செல்வோர் எத்தனை பேர் என்பது மணிமேகலையைப் படித்தவர் கேட்க வேண்டிய வினா. என்றும் ஏற்பவராகவே வைக்கப்படும் குழந்தை, வயிறு நிறைந்த நிலையிலும் ஆபுத்திரனின் மூன்றாம் கைவிடலை அடைந்துவிடுகிறது.

முடிவுரை

ஆபுத்திரன் வரலாறு அநாதைநிலையைப் பெற்றோர் இழப்பாகவோ குலமின்மையாகவோ சுருக்கவில்லை. தாயின் அச்சம், தந்தையின் ஒப்புதல் வேட்கை, வளத்தின் பாராமுகம், உடன்சென்றோரின் கவனப் பிழை என நான்கு காரணங்களால் அது நிகழ்வதைக் காட்டுகிறது. பேணுதலும் பேணப்படுதலும் அறுபடும் இடமே அநாதைநிலை என்பது அதன் துணிபு.

என்புகளைக் கண்டு கலங்கும் புண்ணியராசனிடம், உயிர்களுக்கு உணவும் உடையும் உறையுளும் அளித்தலே அறம் என மணிமேகலை உரைக்கிறாள். அத்தோடு, அவனைப் பிரிந்த நாடு அவனை அழைக்கிறது என்றும் கூறித் திரும்பிச் செல்லப் பணிக்கிறாள். தோட்டத்தில் அழுத குழவியின் குரலைக் கேட்டு அன்று ஓர் அந்தணன் வந்தான். இன்று ஒரு நாட்டின் குரலைக் கேட்டு அவன் செல்ல வேண்டியிருக்கிறது. அறத்தின் வரையறைக்குப் பின் இவ்வழைப்பு வைக்கப்பட்டிருத்தல் தற்செயலன்று. உணவு, உடை, உறையுள் ஆகிய மூன்றோடு, தன்னை வேண்டுவோர் உளர் என்ற உறுதியும் ஒரு மனிதனுக்குத் தேவை என்பதைக் காப்பியம் இவ்வமைப்பால் உணர்த்துகிறது. அநாதைகள் குறித்த நம் அறங்களும் சட்டங்களும் முதல் மூன்றை ஓரளவு எட்டியுள்ளன. நான்காவதை எட்டுவதே இனிச் செய்ய வேண்டிய பணியாகும்.